அப்பாவுக்கு போன் அனுப்புறீங்க, சரி... கவர்?



சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்க்குற பிள்ளைங்க புதுப் போன் வாங்குனதும் பழசை ஊருக்கு அனுப்பிடுறீங்க. நல்ல விஷயம்தான், குறை சொல்லல. எங்க பக்கம் பாதிப்பேர் கையில இருக்குறது மகனோ மகளோ குடுத்த போன்தான். ஆனா அந்தப் போன் மேல இருக்குற கவரைப் பார்த்தாத்தான் எனக்கு ஆத்திரமா வரும். கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசான பிளாஸ்டிக். இல்லைன்னா பின்னால பளபளன்னு படம் போட்டது. ஏசி ரூம்ல மேசை மேல கிடக்குற போனுக்கு அது சரி. வாய்க்கா ஓரத்துல மடை திருப்புற மனுஷனோட போனுக்கு அது கவரே இல்ல.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. சூரமங்கலம் உழவர் சந்தைக்கு ஒருநாள் விடியக்காலம் வந்து பாருங்க. கீரைக்கட்டு, கத்தரி, தக்காளி, அதுக்கு முன்னால தராசு, தராசுல சாய்ச்சு வச்ச க்யூஆர் அட்டை. 1999-ல உழவர் சந்தை ஆரம்பிச்ச காலத்துல அடையாள அட்டையும் தராசும் இருந்தாப் போதும். இப்ப வர்றவங்கள்ல நிறையப் பேர் பர்ஸே எடுத்துட்டு வர்றதில்ல. காசு வந்துச்சா இல்லையான்னு போனைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். ஈரக்கையோடதான் பார்க்கணும், ஏன்னா கீரைக்குத் தண்ணி தெளிச்ச கை அது.

சந்தையோட முடியுதா? அரசாங்கம் 2018-ல உழவன் செயலி கொண்டு வந்துச்சு, மானியத்துக்கு அதுலதான் பதியறோம். பிரதமர் கிசான் பணத்துக்கு ஓடிபி இந்தப் போனுக்குத்தான் வரும். நிறையத் தோட்டத்துல மோட்டார் ஸ்டார்ட்டர்ல சிம் போட்ட பெட்டி மாட்டியிருக்காங்க. வீட்டுல படுத்த படுக்கையில இருந்து ஒரு கால் போட்டா மோட்டார் ஓடும். மும்முனைக் கரண்டு நடுராத்திரி வந்தாலும் கவலையில்ல. போன் செத்துப்போச்சுன்னா? டார்ச்சை எடுத்துக்கிட்டு பாம்பு, தேள் நடமாடுற வரப்புல நடந்து போகணும். அறுபத்தஞ்சு வயசு அப்பா நடந்து போகணும். அதனாலதான் கவரைப் பத்தி இவ்வளவு பேசுறேன்.

கடையில கவர் விக்கிறவர் முதல்ல சொல்றது, "கீழ விழுந்தா உடையாதுங்க". டப்பாவுல மிலிட்டரி தரம்னு வேற போட்டிருப்பான். மில் எஸ்டிடி 810ங்கறது அமெரிக்க ராணுவத்தோட சோதனை முறை. ராணுவம் வந்து அந்தக் கவரை வாங்கிப் பரிசோதிச்சதுன்னு அர்த்தம் இல்ல. கம்பெனிக்காரங்களே அதுல ஒண்ணு ரெண்டு சோதனையை எடுத்துச் செஞ்சு பார்த்துட்டு எழுதிக்கலாம். அது கிடக்கட்டும். விழுந்து உடையறது பட்டணத்துப் போனுக்கு வர்ற சாவுங்க. உங்களுக்குக் கீழ டைல்ஸ், சிமெண்ட், மெட்ரோ படிக்கட்டு. எங்களுக்குக் கீழ உழுத மண்ணு. எங்க போனுங்க ஊறிச் சாகும், வெந்து சாகும், மண்ணு அடைச்சுச் சாகும். விழுந்து சாகுறது களத்து மேட்டுலயும் வண்டியிலயும்தான்.

முதல்ல மண்ணு. செம்மண்ல இருக்குற பொடி மணல் கண்ணாடியை விடக் கெட்டி. கவருக்கும் போனுக்கும் நடுவுல அது போய் உட்கார்ந்துச்சுன்னா உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரிதான். கெட்டிக் கவர் போட்டா மண்ணு போகாதுன்னு நினைப்பாங்க. போகும். போனா வெளியவும் வராது. அதனால வாரம் ஒருக்கா கழட்டிக் கழுவுற மாதிரி, வயசானவங்க விரலுக்கே கழண்டு வர்ற மாதிரிக் கவர்தான் வேணும். நாலு ஸ்குரூ போட்டுப் பூட்டுற கவசம் எல்லாம் பார்க்க ஜோரா இருக்கும். அப்பா அதை வாழ்நாள்ல ஒருக்காக்கூடக் கழட்ட மாட்டாரு.

மண்ணு போற இன்னொரு இடம் சார்ஜ் ஓட்டை. அதுக்குச் சின்ன ரப்பர் மூடி கவரோடயே ஒட்டி வர்ற மாதிரிக் கிடைக்குது. தனியா வர்ற மூடி வேண்டாம், ஒரு வாரத்துல தொலைஞ்சுடும். எங்க பக்கம் பெண்டுங்க நிறையப் பேரு போனைச் சுருக்குப் பையிலதான் வைக்கிறாங்க. அதே பையில வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, சில்லறை. சுண்ணாம்பு ஓட்டைக்குள்ள போயிட்டா அவ்வளவுதான், சார்ஜ் ஏறாது. அம்மாவுக்கு அனுப்புறவங்க இந்த மூடி இல்லாத கவர் அனுப்பாதீங்க.

அடுத்தது தண்ணி. ஐபி 67, ஐபி 68ன்னு போன் டப்பாவுல எழுதியிருப்பான். முதல் எண் தூசிக்கு, 6ன்னா தூசி உள்ள போகாது. ரெண்டாவது எண் தண்ணிக்கு. 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரைமணி நேரம் தாங்கணும். 8ன்னா அதுக்கும் மேல, எவ்வளவு ஆழம்னு கம்பெனி சொல்றதுதான் கணக்கு. (எங்க கிணறு அறுபது அடி. அதுக்கு எந்தக் கம்பெனியும் எண் போடல.) இதெல்லாம் புதுப் போனை நல்ல தண்ணியில வச்சுச் செய்யுற சோதனைங்க. யூரியா கரைச்ச தண்ணி, சோப்புத் தண்ணி, வேர்வை எதுவும் அந்தக் கணக்குல வராது. அதோட நீங்க மூணு வருஷம் வச்சிருந்து, ஒருக்கா டிஸ்ப்ளே மாத்தி, அப்புறம் ஊருக்கு அனுப்புறீங்க. டிஸ்ப்ளே மாத்தும்போதே உள்ள இருக்குற ஒட்டு போயிருக்கும். ஆக, டப்பாவுல என்ன எண் போட்டிருந்தாலும் ஊருக்கு வர்ற பழைய போன் தண்ணி தாங்காதுன்னே வச்சுக்கணும்.

அதுக்காக முழுசா மூடுற கவர் தேவையில்ல. மழைக்கும் மருந்தடிக்கவும் மட்டும் கழுத்துல மாட்டுற ஜிப் பிளாஸ்டிக் பை போதும். மிச்ச நேரம் அதைப் போட்டிருந்தா வேர்வையும் வெக்கையும் உள்ளயே நின்னு நீர் கோத்துக்கும். தண்ணியில விழுந்த போனை அரிசி மூட்டைக்குள்ள புதைக்கிற வழக்கத்தையும் விடச் சொல்லுங்க. அரிசித் துகள் உள்ள போய்க் கெடுக்கும், போடாதீங்கன்னு ஆப்பிள் கம்பெனியே சொல்லிடுச்சு. ஓட்டை கீழ பார்க்குற மாதிரிப் பிடிச்சு மெதுவாத் தட்டி, காத்தோட்டமா வச்சு, நல்லாக் காயுற வரைக்கும் சார்ஜ் போடாம இருந்தாலே பாதி பிழைச்சுக்கும்.

மூணாவது வெயில். இதைப் பத்தி யாருமே பேசுறதில்ல. ஐபோன் 0 டிகிரியில இருந்து 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்துல பயன்படுத்தறதுக்குன்னு அந்தக் கம்பெனி எழுதி வச்சிருக்கு. சேலத்துல சித்திரை மாசம் 40ஐத் தொடும். நிழல்லயே அப்படின்னா தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம்ல எவ்வளவு இருக்கும்னு நீங்களே நினைச்சுக்குங்க. நூறு நாள் வேலையில 2023 ஜனவரியில இருந்து எல்லா இடத்துலயும் போன்லதான் வருகைப் பதிவு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டோ எடுக்கணும்னு ஆச்சு. வெட்டவெளியில அந்தப் போனைக் கையில பிடிக்க முடியாது, அப்படிக் கொதிக்கும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம்தான் பெரிய எதிரி. அந்த வெப்பத்துல கறுப்பு நிறத்துல கெட்டியா ரப்பர் கவர் போடுறது, மே மாசம் கம்பளி போத்தின கதைதான். வெள்ளையோ வெளிர் நிறமோ வாங்குங்க. சார்ஜ் போடும்போது போன் சூடாச்சுன்னா கவரைக் கழட்டிடச் சொல்லுங்க. அதுக்கும்தான் சுலபமாக் கழண்டு வர்ற கவர் வேணும்ங்கறேன்.

பிளிப் கவர் எங்க ஊர்ல எல்லாருக்கும் பிடிக்கும். புத்தகம் மாதிரி மூடிக்கலாம், உள்ள ஆதார் அட்டை, நூறு ரூபா, சந்தை அட்டை எல்லாம் சொருகிக்கலாம். திரைக்கும் பாதுகாப்பு. சந்தையில உட்கார்ந்து விக்கிறவங்களுக்கு நல்லது. காட்டு வேலைக்கு ஆகாது. வேர்வையில ஊறி நாத்தம் எடுத்து, ஓரம் பிஞ்சு, மடிப்புக்குள்ள மண்ணு சேர்ந்துடும். அதைவிட, போன் தொலைஞ்சா ஆதாரும் சேர்ந்து தொலையுது. எங்க பங்காளி ஒருத்தருக்கு அப்படித்தான் குச்சிக்கிழங்குக் காட்டுல போச்சு. போனு, ஆதார், ஏடிஎம் கார்டு மூணும் ஒரே கவர்ல. சிம் திரும்ப வாங்க ஆதார் கேட்டாங்க, ஆதார் எடுக்கப் போனா ஓடிபி கேட்டாங்க. மனுஷன் அலைஞ்ச அலைச்சல் கொஞ்சநஞ்சமில்ல. அந்தக் கவர் கரும்பச்சை நிறம் வேற. கிழங்குச் செடிக்குள்ள விழுந்தா யாரு கண்ணுக்குத் தெரியும்? காட்டுக்குப் போற போனுக்கு மஞ்சளோ வெளிர் ஆரஞ்சோ வாங்குங்க. பார்க்க நல்லா இல்லைன்னு அப்பா முனகுவாரு, முனகட்டும். மூலையில கயிறு கோக்க ஓட்டை இருந்தா இன்னும் நல்லது. வேட்டிக்குள்ள பட்டாப்பட்டி டவுசர் பாக்கெட்ல போனை வச்சுக்கிட்டு கிணத்தை எட்டிப் பார்க்குற ஆளுங்க நாங்க.

திரைக்குக் கண்ணாடி ஒட்டினாப் போதும். ஆனா கவரோட விளிம்பு அந்தக் கண்ணாடிக்கு மேல கொஞ்சம் உசந்து நிக்கணும், கேமராவைச் சுத்தியும் அப்படியே. கவுத்து வச்சா கண்ணாடி தரையில படக்கூடாது. கடையில வாங்கும்போது இதை மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சது.

டேப் பத்தியும் சொல்லிடுறேன். பேரப்பிள்ளைங்க படிக்கிறதுக்குன்னு நிறைய வீட்டுல டேப் வந்தாச்சு, தொடக்கப் பள்ளி வாத்தியாருங்களுக்கு அரசாங்கமே குடுத்திருக்கு. டேப் அகலமா இருக்குறதால மூலையிலதான் விழும். குழந்தைங்க கைக்குன்னா கைப்பிடி வச்ச தடிச்ச ஃபோம் கவர்தான் சரி. அதோட கைப்பிடியே மடங்கி ஸ்டாண்டா நிக்கும். பெரியவங்களுக்கு அது கனம், மடக்கு கவர் போதும்.

இனி டாக், ஸ்டாண்டு சமாச்சாரம். இதுலதான் பட்டணத்துப் பிள்ளைங்க காசை வீணாக்குறீங்க. அடியில முள்ளு மாதிரி பின் வச்ச டாக், போனை மேல சொருகுனா நின்னுக்கிட்டே சார்ஜ் ஏறும். பார்க்க அழகு. கவர் போட்ட போன் அதுல உட்காராது. இல்லைன்னா பாதி இறங்கி நிக்கும், ஆட்டினா பின் வளையும். ஆக டாக் வேணும்னா கவரைக் கழட்டணும், கவர் வேணும்னா டாக்கைத் தூக்கிப் போடணும். பின் வேற மாறிக்கிட்டே இருக்கு. ஐபோனுக்கு 2012-ல ஒரு பின் மாத்துனாங்க, பழைய டாக் எல்லாம் குப்பைக்குப் போச்சு. 2023-ல சி டைப்புக்கு மாறுனாங்க, திரும்பவும் குப்பை. ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28-ல இருந்து விக்கிற புதுப் போன், டேப்புக்கு எல்லாம் ஒரே சி டைப்தான்னு சட்டமே வந்துடுச்சு. அதனால பின் வச்ச டாக் வேண்டவே வேண்டாம். வெறும் ஸ்டாண்டு, தனியா ஒரு நீளமான நல்ல ஒயர். போன் மாறினா ஒயரை மட்டும் மாத்திக்கலாம்.

வயர் இல்லாம மேல வச்சாலே சார்ஜ் ஏறுற தட்டும் எங்களுக்கு ஒத்துவராது. தடிச்ச கவர், பின்னால இரும்புத் தகடு ஒட்டின கவர் போட்டா சரியா ஏறாது, சூடும் அதிகம். கரண்டு இருக்குற நேரத்துல ஒழுங்கா ஏறுறது ஒயர்தான்.

வண்டி ஹேண்டில்ல மாட்டுற ஸ்டாண்டு கேட்காத இளவட்டம் கிடையாது. பெரிய மோட்டார் சைக்கிள் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம்னு 2021-ல அந்தக் கம்பெனியே எச்சரிச்சிருக்கு. எங்க தோட்டத்துப் பாதையும் டிராக்டர் ஆட்டமும் அதைவிடக் குறைச்சலா என்ன? டிராக்டர்ல போனை மாட்டாதீங்க, சட்டைப் பாக்கெட்லயே இருக்கட்டும்.

உண்மையில வீட்டுல போனுக்கு வேணும்ங்கறது ஒரு இடம். அந்தக் காலத்துல விளக்குக்கு மாடக்குழி இருந்துச்சு. இருட்டுல கை நீட்டினா விளக்கு அங்கதான் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். போனுக்கு அப்படி ஒரு இடம் இல்லாததால கட்டில்ல கிடக்கு, தலைமாட்டுல கிடக்கு, தலையணைக்கு அடியில சார்ஜ் ஏறுது, ஆட்டுக்கல்லு மேல கிடக்கு. ராத்திரி கரண்டு வந்ததும் மோட்டாருக்குக் கால் போடணும்னா வீடே சேர்ந்து தேடும். ப்ளக் பாயிண்டுக்குப் பக்கத்துல, நெஞ்சு உசரத்துல, வெயில் படாத செவுத்துல, ரெண்டு போன் சாஞ்சு நிக்கிற மாதிரி முன்னால ஒரு தடுப்பு வச்ச பலகை. கவரோட நிக்கணும், அதனால இடைவெளியைக் கொஞ்சம் தாராளமா விடணும். ஒயர் இறங்க அடியில ஒரு ஓட்டை. எங்க ஊர் தச்சர் அரை மணியில செஞ்சு குடுத்துடுவாரு. பொங்கலுக்கு வரும்போது நாலு ஆணியும் ஒரு நீள ஒயரும் வாங்கிட்டு வாங்க. பலகை இங்க இருக்கு.