கழிவுக்குக் கழிவே மருந்தாம்!

வருஷா வருஷம் நம்ம கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் தவறாமல் வரும் புராஜெக்ட் ஒன்று உண்டு. தலைப்பில் 'குறைந்த செலவில்' என்ற வார்த்தை கட்டாயம் இருக்கும். ஏதோ ஒரு தொழிற்சாலைக் கழிவை எடுத்து, கழிவுநீரில் இருக்கும் ஈயம், குரோமியம் மாதிரியான கன உலோகங்களை உறிஞ்ச வைப்பார்கள். 90 சதவீதத்துக்கு மேல் நீங்கியது என்று கிராஃப் போடுவார்கள், கைதட்டுவோம். போன வருஷம் அந்த மேடையில் நின்றது நான்தான். அதனால் இதைத் திட்ட எனக்கு முழு உரிமை இருக்கிறது.

எனக்கு எப்போதும்வென்றான். மதுரை - தூத்துக்குடி ரோட்டில் இருக்கிற ஊர் என்பதால் சாம்பல் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவன். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-ல் ஓட ஆரம்பித்தது. 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட். நம்ம நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல்தான். அந்த ஃப்ளை ஆஷ் ஒரு மூட்டை எனக்கு ஓசியில் கிடைத்தது. அப்புறம் என்ன, 'குறைந்த செலவு' ஆகிவிட்டது!

காய்ச்சி வடித்த தண்ணீரில் லெட் நைட்ரேட்டைக் கரைத்து, சாம்பலைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டினேன். ஈயம் காணாமல் போயிற்று. பரப்புக்கவர்தல், அதாவது சாம்பல் துகளின் மேல் உலோகம் போய் ஒட்டிக்கொள்வது, என்று எழுதினேன். பாதி உண்மை. சாம்பலில் இருக்கும் கொஞ்சம் சுண்ணாம்பு தண்ணீரைக் காரமாக்குகிறது. காரத்தில் ஈயம் ஹைட்ராக்சைடாகி அடியில் படிந்துவிடும். வெறும் சுண்ணாம்பைப் போட்டிருந்தாலே பெரும்பகுதி படிந்திருக்கும். அதை ஒரு ஃபிளாஸ்க்கில் தனியாகச் செய்து பார்த்தேனா? இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆறு இணைதிறன் குரோமியத்திடம் இந்தச் சுண்ணாம்பு வித்தை பலிக்காது. அது குரோமேட்டாக, எதிர்மின் அயனியாகத் தண்ணீரில் திரிகிறது. அதை நன்றாக ஒட்ட வைக்க அமிலம் ஊற்றி பிஹெச்சை 2, 3 என்று இறக்க வேண்டும். அந்த அமிலத்தில் சாம்பலுக்குள் இருக்கும் உலோகங்களே கரைந்து வெளியே வரும். குரோமியத்தைப் பிடிக்கப் போய் வேறு விஷத்தை விடுகிறோம். வடிகட்டிய தண்ணீரில் குரோமியத்தை மட்டும் அளந்தால் இது எப்படித் தெரியும்?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் ஈயம், தினம் ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு கிலோ ஈயம். ஒரு கிராம் சாம்பல் 5 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் தினம் 200 கிலோ சாம்பல் வேண்டும். வருஷத்துக்கு 73 டன், அத்தனையும் ஈயம் ஏறிய ஈரச் சாம்பல். 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி அதைக் கையாள ஆகும் செலவு எந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது? அதைச் சேர்த்தால் 'குறைந்த செலவு' என்ற வார்த்தை தலைப்பில் நிற்குமா?

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எங்க ஊர் மாதிரி ஏதாவது ஒரு ஊரின் கண்மாய்க் கரைக்கு. கரிசல் மண்ணே நல்ல உறிஞ்சிதான், களி அதிகம், உலோகத்தைப் பிடித்து வைக்கும் என்று ஒரு சீனியர் சமாதானம் சொன்னார். கோடையில் அது கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதை அவர் பார்த்ததில்லை போல. முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் நேராக உள்ளே இறங்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: 2018 ஏப்ரலில் ஸ்டெர்லைட் ஆலைக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன காரணங்களில் ஒன்று, உப்பாற்றின் ஓரம் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை என்பது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1990களில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே குவிந்து கிடந்து, ஆலை மூடிய பிறகும் பல வருஷம் மழைக்கு மழை மஞ்சள் தண்ணீராகக் கசிந்தது. கழிவுக்கு 'பயன்' கண்டுபிடித்துக் கொடுத்தால் முதலில் சந்தோஷப்படுவது அதைக் கொட்ட இடம் தேடுபவர்தான்.

"இது ஆரம்பகட்ட ஆய்வு தம்பி" என்பார்கள். காசி இந்து பல்கலைக்கழகத்தினர் ஃப்ளை ஆஷால் தாமிரத்தை நீக்கிக் காட்டி 'வாட்டர் ரிசர்ச்' இதழில் எழுதியது 1985-ல். நாற்பது வருஷமாக ஆரம்பகட்டமா?

சாம்பலை சிமென்டில் போடுங்கள், கல் அறுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. சோடாவோடு வேக வைத்து ஜியோலைட் ஆக்கினால் பல மடங்கு அதிகம் பிடிக்கும், அந்த வேலையையும் மதிக்கிறேன். ஆனால் இந்த வருஷம் புராஜெக்ட் எடுக்கும் மக்களே, நாலு விஷயம் செய்யுங்கள். வெறும் சுண்ணாம்போடு ஒப்பிடுங்கள். ஏதாவது பட்டறையிலிருந்து நிஜக் கழிவுநீர் ஒரு கேன் வாங்கி வாருங்கள். சாம்பலிலிருந்து என்னென்ன கரைந்தது என்றும் அளந்து எழுதுங்கள். உலோகம் ஏறிய சாம்பலைக் கடைசியில் எங்கே போட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். நான் போட்டது லேபுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில்.