வண்டியின் குற்றமா, டிரைவரின் குற்றமா?

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கத்திலோ மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. கல்லையும் சிமெண்டையும் கனத்த லாரிகள் சுமக்க, விளைபொருளையும் சில்லறைச் சரக்கையும் பிக்கப் வண்டிகளே சந்தைக்குக் கொண்டு சேர்க்கின்றன. கடன் வாங்கி வண்டி எடுத்து, தாமே ஓட்டிப் பிழைப்பவர்கள் இவ்விரு ஜில்லாக்களிலும் அநேகர். அத்தகைய வண்டி ஒன்று கட்டுக்கு அடங்காமல் திடீரெனப் பாய்ந்து உயிர்ச்சேதம் விளைவிக்குமாயின், டிரைவரின் கதி என்ன?

“நான் மிதிக்கவில்லை, வண்டி தானாகவே பாய்ந்தது” என்று அவர் சொன்னால் கேட்பார் இல்லை. 2024 ஜூலை முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய ஸன்ஹிதையின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு. பழைய பீனல் கோடில் அது இரண்டு வருஷமே. விபத்துக்குள்ளான வண்டியைச் சோதிக்க மோட்டார் வாகனச் சட்டம் 136-வது பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அச்சோதனை பெரும்பாலும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பார்ப்பதோடு முடிந்து, ‘இயந்திரக் கோளாறால் நேர்ந்ததன்று’ என்ற ஒரே வரியில் அடங்கிவிடுவதை நீதிமன்றங்களில் பழகியவர்கள் நன்கு அறிவர்.

வண்டி தானாகப் பாய்வது சாத்தியந்தானா? அமெரிக்காவின் அனுபவத்தைக் கவனிப்போம். டோயோட்டா கம்பெனியின் டகோமா என்னும் பிக்கப் வண்டி தானாக வேகம் கொள்வதாக 2008-இல் அந்நாட்டு ரஸ்தாப் பாதுகாப்பு இலாகாவுக்கு மனுச் செய்யப்பட்டது; அவ்வருஷமே அது தள்ளுபடியாயிற்று. அடுத்த 2009-இல், தரைவிரிப்பு ஆக்ஸிலேட்டரைப் பற்றிக்கொள்ளக்கூடும் என்று அக்கம்பெனியே சுமார் 38 லட்சம் வண்டிகளைப் பற்றி அறிவிக்க நேர்ந்தது. டகோமாவும் அவற்றில் ஒன்று. 2010 ஜனவரியில், மிதித்த ஆக்ஸிலேட்டர் மீளாமல் ஒட்டிக்கொள்ளும் குறைக்காகச் சுமார் 23 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இக்குறைகளைப் பற்றி ஜனங்களை ஏமாற்றியதற்காக 2014 மார்ச்சில் 120 கோடி டாலர் செலுத்தக் கம்பெனி இசைந்தது.

ஆயினும், ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. மின்னணுக் கருவிகளால் வண்டி பாய்ந்ததா என்று பத்து மாதம் ஆராய்ந்த நாஸா நிபுணர்கள், அதற்கு ருசு கிடைக்கவில்லை என்று கண்டதாக 2011 பிப்ரவரியில் தெரிவிக்கப்பட்டது. பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலேட்டரை மிதிப்பதே இத்தகைய விபத்துக்கள் பலவற்றிற்குக் காரணம். 2024 ஜூலை 1-ஆம் தேதி தென் கொரியாவின் ஸியோல் நகரில் 9 பேர் உயிரிழந்த விபத்திலும், வண்டி தானாகப் பாய்ந்தது என்றே டிரைவர் வாதித்தார். வண்டியினுள் இருந்த பதிவோ அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததைக் காட்டியது. குற்றவாளி யாராயினும், உண்மை வெளிப்படுவது பதிவினாலும் பரிசோதனையினாலுமே என்பது இவற்றால் விளங்கும்.

நமது ஜில்லாக்களில் ஓடும் பிக்கப் வண்டிகளில் டீசல் வண்டிகளே மிகுதி. அவற்றுக்கு ஒரு தனி அபாயமும் உண்டு. டர்போவின் எண்ணெய்த் தடுப்பு தேய்ந்து, இன்ஜின் ஆயில் காற்றுக் குழாயில் கசியுமாயின், அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, யாரும் மிதிக்காமலே இன்ஜின் வேகமெடுக்கும். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினாலும் அது நிற்பதில்லை; சாவி தடுப்பது டீசலை, எரிவதோ ஆயில். காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டால் இக்கசிவு அதிகரிக்கும். சுண்ணாம்புத் தூசியும் சிமெண்டுத் தூசியும் பறக்கும் ரஸ்தாக்களில் தினமும் ஓடும் வண்டிகளுக்கு இதை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்க முடியுமா?

கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின் 110-ஏ பிரிவு மத்திய சர்க்காருக்குத் தந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது அமுலில் இருக்கிறது. ஆனால் விதிகளின்படி, புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்ட வேண்டும். வண்டியும் ஏழு வருஷத்துக்கு உட்பட்டதாயிருக்க வேண்டும். விபத்து ஒவ்வொன்றும் ‘டிரைவர் குற்றம்’ என்று முடிக்கப்படுமாயின் புகார் எங்கிருந்து வரும்? புகார் இல்லையேல் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லையேல் கோளாறும் இல்லை. ஒரு வரி அறிக்கை ஓர் ஏழை டிரைவரைத் தண்டிப்பதோடு நிற்பதில்லை. அதே ரக வண்டியை ஓட்டும் அனைவரையும், அதன் எதிரே நடந்து செல்லும் அனைவரையும் அது அபாயத்தில் விடுகிறது.

ஆகவே மூன்று காரியங்கள் உடனே நடைபெற வேண்டும். ‘வண்டி தானாகப் பாய்ந்தது’ என்று டிரைவர் சொல்லும் கேஸ்களில் ஆக்ஸிலேட்டர், டர்போ, காற்றுக் குழாய் ஆகியவற்றைச் சோதித்துக் காரணத்தோடு அறிக்கை எழுதும்படி போக்குவரத்து இலாகா உத்தரவிட வேண்டும். வண்டியின் கணினியில் பதிவு இருந்தால், வண்டியை விடுவிப்பதற்கு முன் அதை எடுத்துக் கோர்ட்டாரிடமும் டிரைவரிடமும் தர வேண்டும். அத்தகைய அறிக்கை ஒவ்வொன்றும் 110-ஏ பிரிவின்கீழ் ஒரு புகாராகச் சேர்க்கப்பட வேண்டும்.

டிரைவர்கள் செய்யத்தக்கதும் உண்டு. காற்று வடிகட்டியைக் காலத்தில் மாற்றுக. மிதிகளின் அடியில் விரிப்பும் பாட்டிலும் புரளவிடாதீர். வண்டி மீறினால் கிளட்சை முழுதும் மிதியுங்கள். இன்ஜின் அலறினாலும் சக்கரத்துக்கு அதன் வேகம் எட்டாது. பிரேக்கை விட்டுவிட்டு மிதியாமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விபத்து நேர்ந்துவிட்டால், நடந்ததை அன்றே எழுத்தில் கொடுத்து, நகலும் பெற்றுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குடிகளுக்கு விசாரணையும் நிபுணர் ஆராய்ச்சியும் கிடைத்தன. பெரம்பலூர் டிரைவருக்கு ஒரு வரி அறிக்கை போதும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருக்கிற சட்டத்தை நேர்மையாக நடத்தினாலே பெரும்பகுதி நியாயம் கிடைத்துவிடும். அதைச் செய்ய அதிகாரிகளுக்கு என்ன தடை?