மொட்டைக் கோபுரமும் கைவிடப்பட்ட மோடுகளும்

குத்துக்கல்வலசை நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையனின் செல்போனுக்குள்ளும் ஒரு அரசு பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது! 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' 2017-இல் வெளிவந்த விளையாட்டு. அதைச் செய்தவர்கள் தமிழ்நாட்டு பஸ்ஸைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வெளியார் செய்த வண்டிகளைச் சேர்க்கும் வசதி வந்ததும், நம்மூர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் வரைந்து, அரசு பஸ்ஸையும் ஆம்னி பஸ்ஸையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள். இதற்குத்தான் 'மோட்' என்று பெயர். பலர் ராத்திரி கண்விழித்து, ஆசைக்காகச் செய்த வேலை.

சிக்கல் எங்கே வருகிறது? செய்தவர் படிப்பை முடிக்கிறார், வேலைக்குப் போகிறார், கல்யாணம் ஆகிறது... அவ்வளவுதான். டவுன்லோட் லிங்க் செத்துப்போகிறது. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

2023-இல் புதுப்பிக்கப்பட்ட அரசு பஸ்கள் மஞ்சள் நிறத்தில் வந்தன. பழைய மோடுக்கு மஞ்சள் பூசுவது சுலபம். மேல்பூச்சு பெரும்பாலும் ஒரு தனிப் படம்தான், யாரும் மாற்றலாம். ஆனால் கதவையோ சக்கரத்தையோ ஒழுங்காகத் திருத்த மூல மாடல் வேண்டும். அது செய்தவரின் கம்ப்யூட்டரில் மட்டும் கிடக்கும். ஹார்ட் டிஸ்க் போனால் பஸ்ஸும் போச்சு!

"மூலத்தைக் கொடுத்தால் திருடிவிடுவார்கள்" என்பது செய்பவர்களின் பயம். நியாயமான பயம்தான். ஆறு மாத உழைப்பை ஒருவன் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரில் ஏற்றினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் யோசித்துப் பாருங்கள். திருடனுக்கு மூலம் தேவையே இல்லை. பூட்டிய கோப்பை அப்படியே தூக்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான். பூட்டு தடுப்பது திருடனை அல்ல, பழுதுபார்க்க வருபவனைத்தான்.

பூட்டாமல் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு 'டோட்டா' சாட்சி. 2003-இல் 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுக்கு யூல் என்ற புனைபெயர்க்காரர் செய்த மோட் அது. அவர் விலகினார், வேறு பலர் தொடர்ந்தார்கள். அதிலிருந்து வந்த 'ஆல்ஸ்டார்ஸ்' பதிப்பு குயின்சூ கையில் வளர்ந்து, பிறகு ஐஸ்ஃபிராக் கைக்குப் போனது. 2013-இல் வால்வ் நிறுவனம் அதை 'டோட்டா 2' என்று தனி விளையாட்டாகவே வெளியிட்டது. முதல் ஆள் பூட்டிக்கொண்டு போயிருந்தால்?

இவ்வளவு தூரம் போக வேண்டாம், தென்காசிக்கே வாருங்கள். காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் கோயில் பழுதுபட்டால் அதைச் சரிசெய்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தான். ராஜாவே முகம் தெரியாத மேஸ்திரியைக் கும்பிட்டிருக்கிறான்! கோபுர வேலை முடிவதற்குள் அவன் போய்விட்டான், தம்பி முடித்தான். அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் சிதைந்து, மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. 1990-இல் ஒன்பது நிலைக் கோபுரம் திரும்ப எழுந்தது. இத்தனை கை மாறியும், கட்டியது யார் என்று கேட்டால் பராக்கிரம பாண்டியன் பெயரைத்தான் ஊர் சொல்கிறது.

மோட் செய்பவரும் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். "ஆறு மாதம் என்னிடமிருந்து பதில் வராவிட்டால் யாரும் தொடரலாம். என் பெயர் மட்டும் இருக்கட்டும்." கூடவே மூல மாடலை நம்பிக்கையான இரண்டு பேரிடம் கொடுத்து வைக்கலாம். எடுத்து நடத்துபவருக்கும் கடமை உண்டு. முதலில் கேட்க வேண்டும், பொறுத்திருக்க வேண்டும், முதல் ஆளின் பெயரை மேலே போட வேண்டும். அவர் திரும்பி வந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

விட்டுப் போவது தப்பில்லை. எல்லோருக்கும் வேலை வெட்டி இருக்கிறது. சாவியையும் எடுத்துக்கொண்டு போவதுதான் தப்பு.