மெனுவில் இல்லையென்றால் கணினியிலேயே இல்லையா?



பாடசாலைக் கணினிகளில் உபுண்டுவை 22.04 இலிருந்து 24.04க்கு மேம்படுத்தியதும் மெனுவில் சில மென்பொருள்களைக் காணவில்லையாம். உடனே, "லினக்ஸ் சரிவராது, எல்லாத்தையும் ஃபோர்மட் அடிச்சு விண்டோஸ் போடுங்கோ" என்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கமாட்டோம்.

மெனுவில் தெரிவது பெயர்ப்பலகைதான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'டொட் டெஸ்க்டாப்' என முடியும் சின்னக் கோப்பு ஒன்று உண்டு. பெயர், படம், எதை இயக்குவது எல்லாம் அதில் இருக்கும். பலகை விழுந்ததற்குக் கடையை இடிப்பதா?

டெர்மினலில் மென்பொருளின் பெயரை அடித்துப் பாருங்கள். திறந்தால் மென்பொருள் பத்திரம், யு.எஸ்.ஆர், ஷெயார், அப்ளிகேஷன்ஸ் என்று போய் அந்தக் கோப்பைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மீள நிறுவுங்கள். வெளிக் களஞ்சியத்திலிருந்து போட்டதென்றால், மேம்படுத்தும்போது உபுண்டு அந்தக் களஞ்சியத்தை நிறுத்திவிடும். புதிய பதிப்புக்குரியதை மீண்டும் சேர்க்க வேண்டும்.

உபுண்டு பக்கமும் குறை உண்டு. எதை நிறுத்துகிறோம், எதை நீக்குகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில் சொல்லவேண்டியது உருவாக்குவோரின் கடமை.

அதற்காக ஃபோர்மட்டா? பிள்ளைகளின் செயற்றிட்டக் கோப்புகள் எங்களிடம் உள்ள அமானிதம். அவற்றை அழித்துவிட்டு எந்த விண்டோஸைப் போடுவீர்கள்? 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. 11ஐப் பல பழைய கணினிகள் ஏற்காது. திருட்டுப் பிரதியைப் போட்டுவிட்டு வகுப்பில் நேர்மை படிப்பிக்க எங்களால் முடியாது.

ஃபோர்மட் அடிக்க முதல் அந்தக் கோப்புறையைப் பிள்ளைகளோடு சேர்ந்து திறந்து பாருங்கள். அதுவும் ஒரு கணினிப் பாடம்தான்.