தவறு ஒருவனுடையது, தண்டனை இரு பெண்களுக்கா?

மனைவி உயிரோடிருக்க, மணவிலக்கும் பெறாமல், இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டுவது குற்றம் என்று சென்னை மாகாணம் 1949-லேயே சட்டம் செய்துவிட்டது. 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டம் அந்தத் தடையை நாடு முழுவதும் உள்ள இந்துக்களுக்குப் பொதுவாக்கியது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-ஆவது பிரிவு. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவு. இருதார மணத்துக்கு ஏழாண்டு வரை சிறை. முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் பத்தாண்டு வரை. ஏட்டில் இத்தனை கடுமை. நடப்பிலோ, தாலி கட்டியவன் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறான். தண்டனையை அனுபவிப்பவர்கள் அந்த இரண்டு வீடுகளிலும் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும்தான். சட்டத்தின் சுமை விழ வேண்டிய தோளில் விழவில்லை. அதை மாற்றியே ஆக வேண்டும்.

இந்தக் குற்றத்தை நம் சமூகம் குற்றமாகவே பார்ப்பதில்லை என்பது முதல் தடை. ‘முருகனுக்கே இரண்டு பேர்’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். இரண்டு பெண்டாட்டிக்காரன் படும் பாட்டை நகைச்சுவையாக்கிய திரைப்படங்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ரசித்திருக்கிறோம். அதே கதையில் ஏமாற்றப்பட்ட பெண் காவல் நிலையம் போனால், ‘குடும்ப விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்’ என்ற பழி அவள்மீதே விழுகிறது. ஆணுக்குச் சலுகை, பெண்ணுக்குப் பழி என்ற இந்த வழக்கத்தின் நிழலில்தான் இருதார மணம் உயிர்வாழ்கிறது.

இது ஏதோ ஒரு மதத்தாரின் பழக்கம் என்று நினைப்பவர்கள் எண்களைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தம் கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 1.4 விழுக்காடு. இந்துப் பெண்களில் 1.3 விழுக்காடு, முஸ்லிம் பெண்களில் 1.9 விழுக்காடு. மாநிலங்களில் மிக அதிகமாக 6.1 விழுக்காடு பதிவானது மேகாலயத்தில். அதாவது, சட்டம் தடுத்த சமூகத்துக்கும் தடுக்காத சமூகத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2005-06 ஆய்வில் நாடு தழுவிய விகிதம் 1.9 ஆக இருந்தது. பதினைந்து ஆண்டுகளில் குறைந்திருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் கோடிக்கணக்கான மணமான பெண்கள் வாழும் நாட்டில் நூற்றுக்கு ஒன்றரை என்பது பல லட்சம் குடும்பங்கள்.

இந்தத் திருமணங்கள் எப்படி நடக்கின்றன? குழந்தை இல்லை, அல்லது பிறந்ததெல்லாம் பெண் என்பது பழைய காரணம். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி நேர்வுகளில் ஆணின் உடற்குறையும் காரணமாக இருக்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு என்பது பள்ளிப் பாடம். இருந்தும் பரிசோதனைக்குப் போகாத கணவனுக்கு, பெரியவர்களே பெண் பார்க்கிறார்கள். சில வீடுகளில் மனைவியின் தங்கையையே கட்டிவைக்கிறார்கள். ‘மூத்தவள் சம்மதித்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்’ என்று ஊர் வாயை அடைக்கிறார்கள். அந்தப் பத்திரத்துக்குச் சட்டத்தில் காலணா மதிப்பு இல்லை. முதல் மனைவி மனமுவந்து சம்மதித்தாலும் இரண்டாம் திருமணம் செல்லாது, குற்றம் குற்றமே. மறுத்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வதே அநியாயம். வேலைக்குப் போன ஊரில் தன்னை மணமாகாதவன் என்று சொல்லிக் கட்டிக்கொள்பவர்கள் இன்னொரு வகை. அங்கே ஏமாற்றப்படுபவர்கள் இரண்டு பெண்களும்.

விளைவுகள் முதலில் அடுப்படியில் தெரியும். ஒருவன் சம்பாத்தியத்தில் இரண்டு வாடகை, இரண்டு பள்ளிக் கட்டணம். எந்த வீட்டில் குறைகிறதோ அந்த வீட்டுப் பெண் கூலிக்குப் போகிறாள். மூத்த பெண்ணின் படிப்பு நிற்கிறது. சக்களத்திச் சண்டை என்று ஊர் வேடிக்கை பார்ப்பது, உண்மையில் போதாத வருமானத்தில் தன் பிள்ளைகளுக்குரிய பங்குக்காக இரண்டு பெண்கள் நடத்தும் போராட்டம். அதை மூட்டியவன் நடுவில் நின்று நியாயம் சொல்கிறான். அவன் இறந்துபோனால் சண்டை தாசில்தார் அலுவலகத்துக்கு வருகிறது. வாரிசுச் சான்றிதழில் யார் பெயர், ஓய்வூதியம் யாருக்கு, வைப்புநிதியில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. ஈமச்சடங்குக்குக் கடன் வாங்கிய இரண்டு குடும்பங்கள் வழக்குக்கும் கடன் வாங்குகின்றன.

சட்டம் ஏன் கைகொடுக்கவில்லை? பிடியாணை இல்லாமல் காவல்துறை கைது செய்யக்கூடிய குற்றமாக இது வகைப்படுத்தப்படவில்லை. பிணையும் எளிதில் கிடைக்கும். பாதிக்கப்பட்டவரோ, மனைவியின் சார்பில் அவருடைய நெருங்கிய உறவினரோ நீதிமன்றத்தில் முறையிட்டால்தான் வழக்கு. அதோடு, இரண்டாம் திருமணம் உரிய சடங்குகளோடு நடந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் தீர்ப்பளித்தது. ஏழடி வைத்ததற்குச் சாட்சி இல்லை, அக்கினி வளர்த்ததற்குச் சாட்சி இல்லை என்று குற்றவாளிகள் விடுதலையானார்கள். தன்னை அழைக்காத கல்யாணத்துக்கு முதல் மனைவி எங்கிருந்து சாட்சி கொண்டுவருவாள்? இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் நாம் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும், திருமணம் செல்லும். திருத்தணியில் நடந்த ஓர் இரண்டாம் திருமணத்தில், ஏழடி வைக்கவில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2001-இல் இந்தப் பிரிவைக் காட்டித்தான் தள்ளியது. பெண்ணின் மரியாதைக்காக எழுதிய சட்டம், பெண்ணை ஏமாற்றியவனைப் பிடித்தும் கொடுத்தது.

ஏமாந்த இரண்டாம் மனைவியின் நிலை இன்னும் மோசம். அவளுடைய திருமணம் செல்லாது என்பதால் அவள் சட்டப்படி ‘மனைவி’ அல்ல. எனவே ஜீவனாம்சம் இல்லை என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முதல் திருமணத்தை மறைத்து மணந்தவன், தன் மோசடியையே கேடயமாக்கித் தப்பிக்கக் கூடாது என்று 2013-இல் அதே நீதிமன்றம் நியாயத்தின் பக்கம் நகர்ந்தது. இருந்தும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தான் ஏமாந்ததைத் தனித்தனியே மெய்ப்பித்தாக வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களில் இதை ஒரு வரியில் தீர்த்திருக்கலாம். நாடாளுமன்றம் அந்த வாய்ப்பைத் தவறவிட்டது.

பிள்ளைகள் விஷயத்தில் நீதி சற்று முன்னேயே வந்திருக்கிறது. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அவர்கள் முறையான பிள்ளைகளே என்று 1976 திருத்தம் உறுதி செய்தது. பூர்விகச் சொத்தில் தந்தைக்கு விழும் பங்கில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கருணை அடிப்படையிலான வேலையை இரண்டாம் மனைவியின் பிள்ளை என்பதற்காக மறுக்கக் கூடாது என்றும் 2018-இல் சொல்லியிருக்கிறது. பெற்றவன் செய்த தவறுக்குப் பிள்ளை பொறுப்பல்ல என்ற இந்த அறம், ஏமாந்த பெண்ணுக்கும் பொருந்த வேண்டாமா?

முஸ்லிம் தனிநபர் சட்டம் நான்கு மனைவிகள் வரை அனுமதிக்கிறது. அதை எதிர்க்கும் மனுக்களை உச்ச நீதிமன்றம் 2018-இல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. பலதார மணம் கூடாது என்று முஸ்லிம் பெண்களே கேட்கிறார்கள். பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் பத்து மாநிலங்களில் நடத்திய கருத்தாய்வில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். மனைவியரிடையே நீதி செலுத்த முடியாவிட்டால் ஒருத்தி போதும் என்று குர்ஆன் கூறுவதை ஆதாரமாகக் கொண்டே துனிசியா 1956-இல் பலதார மணத்தைத் தடை செய்தது. அந்த வழி இங்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் பெண்ணுக்கு நியாயம் என்ற பெயரில் ஒரு சமூகத்தைக் கூண்டில் ஏற்றுவதை ஏற்க முடியாது. இரண்டாம் திருமணத்துக்காகவே இஸ்லாத்துக்கு மாறிய இந்து ஆண்களைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 1995-இலும் 2000-இலும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. உத்தரகண்டின் பொது சிவில் சட்டமும், 2025 நவம்பரில் அசாம் சட்டமன்றம் நிறைவேற்றிய பலதார மணத் தடை மசோதாவும் பட்டியல் பழங்குடியினருக்கு விலக்களிக்கின்றன. பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதிதான் அளவுகோல் என்றால், வீட்டுக்கு ஒரு அளவுகோல் வைக்க முடியாது. எல்லாச் சமூகத்துப் பெண்களையும் கலந்து பேசி, எல்லாருக்கும் பொதுவாகவே சட்டம் செய்ய வேண்டும்.

‘மூவரும் மனமொத்து வாழும்போது அரசுக்கு என்ன வேலை?’ என்று கேட்பவர்கள் உண்டு. சொத்தும் வருமானமும் முடிவெடுக்கும் உரிமையும் ஆணின் கையில் குவிந்திருக்கும் வீட்டில் மனமொத்தல் என்பது பெரும்பாலும் மாற்று வழி இல்லாமையே. இரண்டு கணவரோடு வாழ ஒரு பெண் விரும்பினால் இதே வாதத்தை இவர்கள் சொல்வார்களா? திருமணத்தைக் கலைக்க மணவிலக்கு என்ற நேரான கதவு இருக்கிறது. அதைத் தட்டாமல் கொல்லைப்புறமாகப் போகிறவனுக்குச் சட்டம் ஏன் வழிவிட வேண்டும்?

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. இருதார மணத்தைக் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கும் குற்றமாக்க வேண்டும். ஆந்திரப் பிரதேசம் 1992-இல் அப்படித் திருத்தி வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2009 முதல் திருமணப் பதிவு கட்டாயம். பதிவேடுகளை மாநிலம் முழுவதும் ஒன்றிணைத்து, மணமக்களில் யாருக்கேனும் முந்தைய திருமணம் நிலுவையில் உள்ளதா என்று பதிவுக்கு முன்பே சரிபார்க்கும் ஏற்பாட்டைப் பதிவுத்துறை செய்ய வேண்டும். அதற்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அறியாமல் ஏமாந்து மணந்த பெண்ணுக்கு ஜீவனாம்சமும் இழப்பீடும் உண்டு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பணம் ஏமாற்றியவனின் சம்பளத்திலிருந்தும் சொத்திலிருந்தும் வர வேண்டும். திருமண மண்டபங்களும் கோயில் நிர்வாகங்களும் சான்று கேட்காமல் திருமணம் நடத்த இடம் தரக் கூடாது.

இவை அரசு செய்ய வேண்டியவை. பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: வரன் பார்க்கும்போது ஜாதகத்தைப் பார்க்கும் அக்கறையில் பாதியையாவது மாப்பிள்ளையின் முந்தைய வாழ்க்கையை விசாரிப்பதில் காட்டுங்கள். பிள்ளை இல்லை என்று மகனுக்கு மறுபடி பெண் தேடுவதற்கு முன், அவனை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஏமாந்து வந்து நிற்கும் பெண்ணைக் கேள்வி கேட்பதை நிறுத்தி, ஏமாற்றியவனைக் கேளுங்கள். சட்டம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. குற்றம் செய்தவனே அதன் விலையைக் கொடுக்கும் நிலையை இனியாவது உண்டாக்க வேண்டும்.