குயீன் குழுவின் முதல் இசைத்தட்டு

குயீன் ராக் இசைக்குழு என்றதும் 1975இல் வெளிவந்த ‘பொஹீமியன் ராப்சடி’ பாடலே பலருக்கு நினைவுக்கு வரும். அக்குழுவின் முதல் இசைத்தட்டைப் (1973) பொருட்படுத்துவோர் குறைவு. இலண்டன் டிரைடெண்ட் ஒலிப்பதிவுக்கூடம் வெறுமனே கிடந்த வேளைகளில், பெரும்பாலும் இரவில், பதிவானது அது. டிரம்ஸ் ஒலி சரியில்லை என்று குழுவினரே குறைபட்டனர்; 2024இல் சீர்செய்து மீண்டும் வெளியிட்டனர்.

ஆயினும், அதன் இறுதியில் ஒன்றேகால் நிமிடமே ஒலிக்கும், சொல்லில்லா இசைத்துண்டு ஒன்றுண்டு. ‘செவன் சீஸ் ஆஃப் ரை’ என்னும் அத்துண்டே முழுப்பாடலாக வளர்ந்து, 1974இல் பிரிட்டனில் அவர்களின் முதல் வெற்றிப்பாடலாயிற்று. முதல் இசைத்தட்டை விளைச்சலாக அன்று, விதையாகவே கேட்க வேண்டும்.

ஒரு மாணவனின் பாதிக் கதையின்கீழ் ‘முற்றுப்பெறவில்லை’ என்று சிவப்பு மையால் எழுதினேன். பிறகு அவன் கதையே எழுதவில்லை. ‘தொடர்ந்து எழுது’ என்றல்லவா நான் எழுதியிருக்க வேண்டும்?