அமைதியும் பொதுச்சொத்தே

பொதுவிடத்தில் குப்பை கொட்டுவோனுக்குத் தண்டம் விதிக்கும் சமுதாயம், பொது அமைதியைக் குலைப்போனை வாடிக்கையாளன் என்று வரவேற்கிறது. இம்முரண்பாட்டைக் காண விழைவோர் பினாங்கின் பத்து பெரிங்கிக் கடற்கரைக்குச் சென்றால் போதும்.

வான்குடையில் தொங்கியவாறு கடலின்மேல் மிதப்பது அங்கு வரும் பயணிகளின் பெருவிருப்பம். குடைக்கு ஓசையில்லை. உயரே மிதப்பவனுக்கு உலகமே மௌனத்தில் ஆழ்ந்ததாகத் தோன்றும். ஆனால், அவனை இழுத்துச் செல்லும் விசைப்படகு கீழே முழங்குகிறது. நீர்மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் அதனோடு சேர்கிறது. பறப்பவன் பணம் கொடுத்து மௌனத்தைப் பெறுகிறான். அதற்குரிய ஓசையைக் கரையிலிருப்போர் விலையின்றிச் சுமக்கின்றனர். இது நீதியாகுமா?

கடல் அகன்றது, ஒலி அங்கேயே கரைந்துவிடும் என்பர் சிலர். அறிவியல் அவ்வாறு கூறவில்லை. நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சுவதில்லை. நீரையொட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் வேளையில், ஒலி மேலெழாது வளைந்து நெடுந்தொலைவு செல்லும்.

வாயில்லா உயிர்களின் நிலை என்ன? பத்து பெரிங்கிக்கு மேற்கே, 2003ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பெற்ற பினாங்கு தேசியப் பூங்கா உள்ளது. அங்குள்ள கெராச்சுட் கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வரும் ஆமை, விரைந்துவரும் படகின் சுழல்விசிறியை எங்ஙனம் தப்பும்? கொடிமலையும் இப்பூங்காவும் அடங்கிய 12,481 ஹெக்டேர் பரப்பை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பெருமை கொண்டாடுவோர்க்குப் பொறுப்பும் உண்டன்றோ?

‘பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் ஓசையைப் பொறுப்போர் இதனைப் பொறுக்கலாகாதா?’ என்று வினவுவோரும் உளர். விமானம் நாட்டின் தேவை. வான்குடை ஒருவனின் பொழுதுபோக்கு. தேவைக்காகப் பொறுப்பதும் கேளிக்கைக்காகப் பொறுப்பதும் ஒன்றல்ல.

படகோட்டிகளின் பிழைப்பு கெடும் என்பதே வலுவான மறுப்பு. அவர்தம் அடுப்பு எரிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், இங்கே கேட்கப்படுவது தடையன்று, வரம்பு. அமைதி நாடி வரும் பயணி இரைச்சலுக்கு அஞ்சி வேறிடம் சென்றால், முதலில் கெடுவதும் அதே பிழைப்புத்தான்.

வரம்பிடுதல் புதுமையுமன்று. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின்மேல் பறக்கும் சுற்றுலா விமானங்களைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 1987இல் சட்டம் இயற்றியது. மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் ஒலி மாசைக் குறிப்பிட்டே பேசுகிறது. சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடலாகாது.

படகுகளின் எண்ணிக்கைக்கும் நேரத்திற்கும் எல்லை வேண்டும். குளிப்போரிடமிருந்து படகுகள் விலகிச் செல்லத் தனிவழி வேண்டும். ஆமைகள் வரும் கடற்பகுதியில் பொழுதுபோக்கு விசைப்படகுகள் நுழையலாகாது. இவற்றை ஆணையிடும் அதிகாரம் உடையோர் இனியும் செவியை மூடிக்கொள்வது முறையன்று. வானம் எவனுக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்படவில்லை. அதன்கீழ் நிலவும் அமைதியும் அவ்வாறே.